பரிமளம் வீட்டுப் பங்கர்

காலைப் பாத்து வையுங்கோ பிள்ளை. ரண்டாவது படி மண்படி, போன மாரிக்குச் சரிஞ்சு போச்சு. குனிஞ்சு போங்கோ, மேலை போட்டிருக்கிற பனங்குத்தி தலையிலை இடிக்கும். பயப்பிடாதேங்கோ, உள்ளை பாம்பு பூச்சி ஒண்டும் இல்லை, காலமைதான் இறங்கிக் கூட்டினனான். அங்காலை வளையுது பாருங்கோ, 'ட'னா மாதிரி. அப்பிடி வளைச்சு வெட்டினாத்தான் வாசலிலை செல் விழுந்து வெடிச்சாலும் உள்ளை இருக்கிற ஆக்களுக்குச் சிதறுற சன்னம் பிடிக்காது. என்ர மனுசன் வெட்டினது.

பாத்தாச்சோ? சரி, ஏறி வாங்கோ. உந்த வேம்புக்குக் கீழை கதிரை போட்டிருக்கிறன், இருங்கோ. பிளேன்ரீ குடிப்பியள்தானே? சீனி கூடவோ குறையவோ? இந்தக் காலத்துப் பிள்ளையள் சீனி வேண்டாமெண்ணுங்கள். நான் போட்டுத்தான் தருவன். வெயிலுக்குள்ளாலை வந்தனீங்கள்.

யாழ்ப்பாணக் கம்பசிலையிருந்து வாறியள் எண்டு எங்கட கிராமத்து விதானையார் சொன்னவர். வாற ஆக்கள் எல்லாரும் என்னட்டை ஒரு கேள்விதான் கேக்கிறவை. 'ஏனம்மா இதை இன்னும் மூடாமல் வச்சிருக்கிறியள்?' நான் திருப்பிக் கேப்பன், 'மற்ற ஆக்கள் ஏன் மூடினவை எண்டு அவையிட்டைப் போய்க் கேட்டனீங்களோ?' நீங்கள் இன்னும் கேக்கேல்லை. கெட்டிக்காரி. கேக்காட்டிலும் சொல்லத்தான் போறன், இருங்கோ.

என்ர பேர் பரிமளகாந்தி. இந்தப் புளியமுனையிலை வந்து அந்தப் பேரைக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பங்கர் பரிமளம் எண்டு கேளுங்கோ, சின்னப் பிள்ளையும் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்து விடும். முந்தி நக்கலுக்குச் சொன்னவை. சொல்லட்டுமன். பேர் ஒண்டு கிடைச்சுதுதானே.

மனுசனுக்குப் பேர் கனகலிங்கம். தோட்டக்காரன். மிளகாய்க் கண்டு நடுறதெண்டாலும் கயிறு பிடிச்சு நேர் பாத்து நடுற ஆள். பங்கரையும் அப்பிடித்தான் வெட்டினார். அங்காலை செல் விழுந்துகொண்டிருக்கு, இந்தாள் சுவரைச் சீவிச் சீவி நேர் பாக்குது. நான் கத்தினன், "செல் அடிக்கிறவன் உங்கட சுவர் நேராயிருக்கோ எண்டு பாத்தோ அடிக்கப் போறான்?" எண்டு. சிரிச்சார். "பரிமளம், உள்ளை இருக்கப் போறது என்ர மனிசியும் பிள்ளையும். மாட்டுக்கு வெட்டினாலும் ஒழுங்கா வெட்டவேணும்" எண்டார். என்னை மாட்டோடை சேர்த்துச் சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு.

மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை. ஊரிலை ஒருத்தரிட்டையும் இல்லை. சீலையளைத்தான் மூட்டையாத் தைச்சம். என்ர கூறைச்சீலையும் அதிலைதான் போச்சு. அரக்குக் கூறை, நல்ல சரிகை. நானே தைச்சு நானே மண் போட்டனான். அண்டைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை, நம்புவியளோ? உயிர் தப்பினால் சீலை வாங்கலாம் எண்டு நினைச்சன்.

கடைசிச் சண்டை நடந்த வருசம், மாசி மாதம். குடிக்கிற தண்ணி முடிஞ்சு போச்சு. எனக்கும் மகளுக்கும் நாக்கு வறண்டு ஒட்டிப்போச்சு. கொஞ்சம் அடி ஓய்ஞ்ச மாதிரி இருந்தது. மனுசன் தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனார். அந்தா, உந்தக் கிணறுதான். திரும்பி வரேக்கை வாசலடியிலை விழுந்தது செல். அந்த இடத்திலையே உயிர் போயிட்டுது. ஒரு முனகல் இல்லை, ஒரு சத்தமில்லை. விளக்கு நூந்த மாதிரி. கடவுள் அந்த ஒரு இரக்கத்தை எண்டாலும் எங்களுக்குக் காட்டினார்.

கிணத்தடியிலைதான் தாட்டம். பக்கத்து வளவு யோகேஸ் அக்காவும் நானும் மண்வெட்டியாலை வெட்டித் தாட்டிட்டு, தலைமாட்டிலை ஒரு கல்லை வச்சிட்டு ஓடினம். பிறகு எங்கையெங்கையோ ஓடி, கடற்கரை மணலிலை கிடந்து, முகாமிலை கிடந்து... அதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எல்லாரும் சொல்லுற கதைதான். திரும்பி வந்தா வளவு மொட்டையாக் கிடக்கு. மிதிவெடி எடுக்கிறதுக்கு மிசின் விட்டு உழுது போட்டினம். வீடு இல்லை, மரம் இல்லை, கல் இல்லை. கிணத்தடியைச் சுத்திச் சுத்திக் கிண்டினன். ஒண்டுமில்லை. எங்கை தாட்டனாங்கள் எண்டு எனக்கும் தெரியேல்லை, யோகேசுக்கும் தெரியேல்லை. ரண்டு பேரும் ஒவ்வொரு இடத்தைக் காட்டிச் சண்டை பிடிச்சம்.

பங்கர் மட்டும் இருந்தது. ஒரு பனை குறுக்காலை விழுந்து மூடிக்கிடந்ததாலை மிசின் விட்டிட்டுப் போயிருக்கு. இறங்கிப் பாத்தன். மனுசன் சீவின சுவர், மண்வெட்டி போன தடம் எல்லாம் அப்பிடியே இருக்கு. மூட்டையெல்லாம் உக்கிக் கொட்டுண்டு போச்சு. என்ர கூறையிலை சரிகை மட்டும் உக்காமல் மண்ணுக்குள்ளை மினுங்குது.

இப்ப விளங்குதோ? மற்றச் சனத்துக்குச் சுடலை இருக்கு, கல்லறை இருக்கு. எனக்கு இந்தக் கிடங்கைவிட்டா வேறை என்ன இருக்கு?

ஊரிலை எல்லாரும் குடியேறின கையோடை தங்கட தங்கட பங்கரை மூடினவை. குப்பையைப் போட்டு, மண்ணைப் போட்டு, மேலை வாழை வச்சினம். பங்கர் வாழை நல்லாக் குலை தள்ளும், ஆழத்துக்கு இளகின மண்தானே. யோகேஸ் அக்கா ஒருநாள் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம் கொண்டுவந்து தந்தா. நான் வாங்கேல்லை. "அக்கா, உந்தக் கிடங்குக்குள்ளைதானே உங்கட தங்கச்சி செத்தவள். அதிலை காய்ச்சதை எப்பிடி வாயிலை வைக்கிறியள்?" எண்டு கேட்டன். அவ ஒண்டும் கோவிக்கேல்லை. "அவள்தான் எனக்கு வருசா வருசம் பழம் தாறாள் எண்டு நினைச்சுக்கொள்ளுறன் பரிமளம்" எண்டா. சொல்லிப்போட்டு ஒரு பழத்தை உரிச்சு என்ர முகத்துக்கு முன்னாலை நிண்டு சாப்பிட்டா. என்ன மனிசரோ!

ஒரு பிள்ளை வந்தது, மனசு ஆறுதலுக்கு ஆலோசனை சொல்லுறதுக்கெண்டு. நல்ல பண்பான பிள்ளை, உங்களை மாதிரி. எங்களை ஊர்ச் சங்கக் கட்டடத்திலை வட்டமா இருத்திச்சுது. "அம்மாக்கள், கண்ணை மூடுங்கோ. உங்களுக்கு நிம்மதி தாற ஒரு இடத்தை நினைச்சுக்கொள்ளுங்கோ" எண்டுது. ஒருத்தி கோயில் எண்டாள், ஒருத்தி கடற்கரை எண்டாள். என்னட்டை வந்தது. "பங்கர்" எண்டன். பிள்ளை முழிச்சுக்கொண்டு நிக்குது. நான் என்ன பொய்யோ சொன்னனான்? அடிச்ச அடிக்குள்ளை என்னை உயிரோடை வச்சிருந்த இடம் அதுதானே. பிறகு அந்தப் பிள்ளை எனக்கெண்டு தனியா நேரம் ஒதுக்கிச்சுது. நான் போகேல்லை. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான். ஞாபகம் இருக்கிறது ஒரு வருத்தமே?

சங்கத் தலைவர் அன்னலிங்கண்ணை. தபால் கந்தோரிலை இருந்து இளைப்பாறினவர். நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேணும். ஊருக்கு றோட்டு, கரண்ட் எல்லாம் அந்தாள் அலைஞ்சுதான் வந்தது. ஆனா அவருக்கு என்ர பங்கர் கண்ணிலை குத்தின முள். பாக்கிற இடமெல்லாம் சொல்லுவார்.

"பரிமளம், சந்தியிலை எல்லாருக்கும் பொதுவா ஒரு கல்லு நடுவம். வருசத்திலை ஒருநாள் எல்லாரும் கூடி விளக்குக் கொளுத்தி அழுவம். மற்ற நாளிலை சீவிப்பம். ஒவ்வொரு வளவுக்குள்ளையும் ஒவ்வொரு செத்தவீடு நடந்தா ஊர் எப்பிடி நிமிரும்?"

"அழுறதுக்கும் பஸ் மாதிரி நேரம் போட்டு வச்சிருக்கிறியளோ அண்ணை?" எண்டன்.

"பனங்குத்தி மாத்திப்போட்டாய். மூட்டையும் புதுசு. இதிலை என்ன பழசு கிடக்கெண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"கிடங்கு பழசு. பள்ளத்தை மாத்தேலுமே?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவற்ற பெடியன் ஒருத்தனும் அந்தக் கடைசிச் சண்டை நேரத்திலை இல்லாமல் போனவன்தான், ஆதவன் எண்டு. அந்தப் பேரை அண்ணை வாயாலை சொல்லி ஊரிலை ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டிலை படம்கூட இல்லை. தன்ர பிள்ளையை மறந்த ஆள் என்ர மனுசனை மறக்கச் சொல்லுறார், என்ன நியாயம் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன்.

இனி மகளின்ர கதைக்கு வாறன். ஒரே மகள், இசைவிழி. விழி எண்டுதான் கூப்பிடுறது. பங்கருக்குள்ளை என்னோடை இருந்தவள் அவள்தான், அப்ப நாலாம் வகுப்பு. இந்த வளவிலைதான் வளந்தாள், ஆனா பங்கர்ப் பக்கம் போகமாட்டாள். கிணத்தடிக்குப் போறதெண்டாலும் வேலியோரத்தாலை சுத்திப் போவாள். "பயந்தாங்கொள்ளி" எண்டு பேசுவன். "கொப்பர் வெட்டினது. அவற்ற கைபட்ட சுவர். ஒருக்கா இறங்கித் தொட்டுப் பார்" எண்டுவன். அவள் வேலியோரத்தாலையே போவாள். படிச்சு, கிளிநொச்சியிலை வேலை எடுத்து, அங்கையே ஒரு பெடியனைப் பிடிச்சுக் கட்டிக்கொண்டாள். துவாரகன் எண்டு, கராச் வச்சிருக்கிறார். நல்ல பெடியன். கலியாணத்துக்குப் பிறகு போன வருசம் வரைக்கும் இஞ்சை வந்து ஒரு பகல்கூட முழுசா இருந்ததில்லை.

போன வருசம் பிள்ளைத்தாச்சியானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டிலைதானே. நான் அறையைச் சாந்து பூசி, வெள்ளையடிச்சு, பிள்ளை பெத்தவளுக்குக் காயமரைக்க எல்லாச் சாமானும் வாங்கி வச்சிட்டு ஃபோன் எடுக்கிறன், "எப்ப பிள்ளை வாறாய்?" எண்டு.

"வரமாட்டன் அம்மா."

"ஏன்?"

"அந்தக் கிடங்கு இருக்கிற வளவுக்கு என்ர பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்."

எனக்கு வந்த கோவத்துக்கு ஃபோனைத் தூக்கி எறிஞ்சிருப்பன். "கொப்பர் செத்த இடமடி அது!" எண்டு கத்தினன்.

"அதாலைதான் அம்மா" எண்டாள். வச்சிட்டாள்.

பாத்தியளோ பிள்ளை? பெத்த தகப்பன்! இந்தச் சந்ததியே இப்பிடித்தான், எல்லாத்தையும் மறக்கத்தான் நிக்குதுகள்.

இந்தக் கதை எப்பிடியோ அன்னலிங்கண்ணையின்ர காதுக்குப் போயிட்டுது. யோகேஸ் அக்காதான் சொல்லியிருப்பா. அண்ணை பாத்தார், இதுதான் தருணமெண்டு. சங்கத்திலை கூட்டம் வச்சு, ஞாயிற்றுக்கிழமை சிரமதானம், பரிமளத்தின்ர பங்கரை மூடுறது எண்டு முடிவெடுத்துப் போட்டினம். என்ர வளவுக்குள்ளை இருக்கிற என்ர கிடங்கை மூட அவைக்கு முடிவு! என்னட்டை வந்து, "உன்ர பேரப்பிள்ளைக்காகத்தான் பரிமளம். எங்களுக்கென்ன லாபம்?" எண்டார். "ஆரும் மண்வெட்டியோடை என்ர வளவுக்குள்ளை வந்தால் தெரியும்" எண்டன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலமை ட்ரக்டரிலை மண் வந்தது. படலையடியிலை கொட்டினாங்கள். ஊர்ச்சனம் மண்வெட்டி, மண் அள்ளுற தாச்சியோடை வந்து நிக்குது. நான் என்ன செய்தன் தெரியுமே? ஒரு சுடுதண்ணிப் போத்தலிலை தேத்தண்ணி, ஒரு துண்டுப் பாண், சம்பல் எல்லாம் எடுத்துக்கொண்டு பங்கருக்குள்ளை இறங்கி இருந்திட்டன்.

"பரிமளம், வெளியிலை வா" எண்டு அண்ணை வாசலிலை குந்தியிருந்து கூப்பிடுறார்.

"செல்லுக்கே வெளியிலை வராத நான், உங்கட சங்கத்துக்கோ வரப்போறன்? மண்ணைப் போடுங்கோ அண்ணை. இன்னொரு ஆளைத் தாட்ட இடம் எண்டு உங்கட பொதுக்கல்லிலை என்ர பேரையும் வெட்டுங்கோ" எண்டன்.

மேலை ஒரே குசுகுசுப்பு. ஒருத்தி சிரிக்கிறாள். ஒருத்தர் "விடுங்கோ அண்ணை, மனிசிக்கு விசர்" எண்டுறார். எனக்குக் கேக்குது. நான் பாணைச் சம்பலிலை தோய்ச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன்.

அந்த நேரம் பாத்து ஒரு மோட்டச்சைக்கிள் வந்து நிண்டுது. சிவில் உடுப்பிலை ரண்டு பேர், புலனாய்வுக்காரர். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கை நாலுபேர் கூடினாலும் இவை வந்து விசாரிப்பினம். கொச்சைத் தமிழிலை ஒருத்தன் கேக்கிறான், "என்ன இங்கை கூட்டம்? ஆர் தலைவர்?" எண்டு. அண்ணை தான்தான் எண்டு சொல்லி, சிரமதானம் எண்டு விளங்கப்படுத்துறார். அவன் பங்கரை எட்டிப் பாத்தான். என்ர தலையைக் கண்டிட்டுத் திடுக்கிட்டுப் போனான்.

"இது பங்கர். இது ஏன் இன்னும் இருக்குது? இது வைச்சிருக்கக் கூடாது. இது உடனே மூட வேணும். இண்டைக்கு மூடுறது நல்லம், இல்லாட்டி பிரச்சினை வரும்" எண்டான்.

நான் நினைச்சன், சரி, அண்ணைக்குப் பால் வாத்த மாதிரி, இனி என்ன, மண்ணைப் போடப் போகினம் எண்டு. பிறகு கேக்குது, "ஏன் மூடவேணும்?" எண்டு. எனக்கு அது ஆற்ற குரலெண்டு முதல் பிடிபடேல்லை.

"நீங்கதானே மூட வந்தது?" எண்டு அவன் கேக்கிறான்.

"நாங்கள் மூடுறது வேறை தம்பி. இது எங்கட ஊர்க் கிடங்கு. எங்கட சனம் ஒளிச்சிருந்த கிடங்கு, செத்த கிடங்கு. நாங்கள் மூடுவம், மூடாமல் விடுவம், சண்டை பிடிப்பம். அது எங்கட பாடு. நீர் வந்து மூடச் சொன்னா மூடேலாது."

"அய்யா, பெயர் என்ன?"

"என்ர பேர் அன்னலிங்கம். எழுதும். என்ர மகன்ர பேர் ஆதவன். அதையும் எழுதும். அவனும் உப்பிடி ஒரு கிடங்குக்குள்ளைதான் கிடக்கிறான். எந்தக் கிடங்கெண்டு உமக்குத் தெரிஞ்சா வந்து காட்டும், அதை மூடுறன்!"

நான் படியாலை ஏறித் தலையை நீட்டிப் பாத்தன். அண்ணை நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறார். சனம் முழுக்க மண்வெட்டியைக் கீழை போட்டிட்டுது. யோகேஸ் அக்கா ஓடிவந்து பங்கர் வாசலிலை, எனக்கு முன்னாலை, சப்பாணி கட்டிக்கொண்டு இருந்திட்டா. அவையள் இன்னும் கொஞ்சநேரம் நிண்டு ஃபோனிலை படம் எடுத்துப்போட்டுப் போயிட்டினம்.

சனம் கலைஞ்சுது. அண்ணை உந்த வேம்புக்குக் கீழைதான், இப்ப நீங்கள் இருக்கிற இடத்திலை, தனிய இருந்து சால்வையாலை முகத்தைத் துடைச்சுக்கொண்டே இருந்தார். நல்ல வெயில் அண்டைக்கு, வேர்த்திருக்கும். நான் என்ர தேத்தண்ணியிலை ஒரு கோப்பை ஊத்திக் குடுத்து, "பாத்தியளோ அண்ணை, கடைசியிலை நான் சொன்னதுதான் சரி" எண்டன். வடிவாக் குடிச்சிட்டுக் கோப்பையை வச்சிட்டுப் போனார். மண் படலையடியிலை கும்பமாக் கிடந்தது. அள்ளிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லை.

நான் வெண்டிட்டன் எண்டுதான் இருந்தன் பிள்ளை. ஊரையும் வெண்டாச்சு, வந்தவங்களையும் வெண்டாச்சு.

அந்தக் கிழமைக்குள்ளை ஒருநாள் முற்பகல். நான் அடுப்படியிலை மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறன். படலையடியிலை ஆரோ மண் அள்ளுற சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தா, விழி! வயித்தைத் தள்ளிக்கொண்டு, செருப்பைக் கழட்டி ஒரு பக்கம் வச்சிட்டு, தாச்சியிலை மண் நிரப்புறாள். அவளைக் கொண்டுவந்த ஓட்டோக்காரன் செய்யிறதறியாமல் நிக்கிறான்.

"ஐயோ, பிள்ளைத்தாச்சி! என்னடி செய்யிறாய்?"

"ஊரும் மூடாதாம், நீங்களும் மூடமாட்டியளாம். நான் மூடுறன்."

தாச்சியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். வாழ்க்கையிலை முதல்தரம் நேர பங்கரைப் பாத்து நடக்கிறாள். பிடிச்சு இழுத்தா விழுந்திடுவாள் எண்டு பயம். நான் ஓடிப்போய் அவளுக்கு முதல் உள்ளை இறங்கி, வளைவிலை போய்க் குந்திக்கொண்டு, "போடு. கொம்மாவுக்கு மேலை போடு!" எண்டன்.

போட்டாள் பிள்ளை! உண்மையாப் போட்டாள். படியெல்லாம் மண். என்ர தலைமயிருக்குள்ளை மண். ஊர்ச்சனம் செய்யப் பயந்ததை நான் பெத்தது செய்தது.

பிறகு சத்தம் நிண்டுது. பாத்தா வாசலிலை இருந்து காலைத் தொங்கப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னாலை, முகம் தெரியேல்லை. மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்குது.

"அண்டைக்கும் அந்த இடத்திலைதான் இருந்தனீங்கள்" எண்டாள்.

"ஓம். உன்னை மடியிலை வச்சுக்கொண்டு இருந்தனான்."

"உங்கட கை எங்கை இருந்தது?"

"என்னடி கேள்வி இது?"

"உங்கட கை என்ர வாயிலை இருந்தது. இறுக்கிப் பொத்தினபடி. மற்றக் கையாலை என்னை அமத்திப் பிடிச்சிருந்தனீங்கள். அப்பா கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவர்."

நான் சொன்னன், இல்லை எண்டு. கொப்பர் அந்த இடத்திலையே, ஒரு சத்தமில்லாமல் எண்டு.

"கூப்பிட்டவர், அம்மா. 'விழி, விழி' எண்டு கூப்பிட்டவர். 'கான் சரிஞ்சு போச்சு, தண்ணி ஓடுது, ஆராவது நிமித்துங்கோ' எண்டு சொன்னவர். தன்னைத் தூக்கச் சொல்லேல்லை. கானை நிமித்தச் சொன்னவர். திருப்பித் திருப்பி அதைத்தான் சொன்னவர். நான் நிமித்திப்போட்டு வரலாம் எண்டு துள்ளினன். நீங்கள் விடேல்லை. பிறகு அவர் சொல்லேல்லை."

அப்பிடிச் சொன்னாள்.

பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். யோசிச்சுப் பாருங்கோ. அது பச்சைப் பிள்ளை. செல் கிட்ட விழுந்தா காது அடைக்கும், எல்லாச் சத்தமும் கூப்பிடுற மாதிரித்தான் இருக்கும். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. சன்னம் பறந்த திசை ஞாபகம் இருக்கு, அவர் உடுத்திருந்த சாரத்தின்ர கோடு ஞாபகம் இருக்கு. அவர் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிராதோ? அதே கிடங்குக்குள்ளை இருந்த எனக்குக் கேக்காதது அவளுக்கு எப்பிடிக் கேட்டது? அவளை வெளியிலை விட்டிருந்தா இண்டைக்கு அவளும் இல்லை. அதை ஏன் ஒருத்தரும் சொல்லுறேல்லை?

நான் எழும்பி, மண்ணைத் தட்டிப்போட்டு, அவளுக்குப் பக்கத்தாலை ஏறி அடுப்படிக்குப் போயிட்டன். மீன் அரைகுறையிலை கிடந்தது. பூனை ஒண்டு வாயை வைக்கப் பாத்தது.

அவள் போகேல்லை. போயிடுவாள் எண்டு நினைச்சன், ஓட்டோவை அனுப்பிப்போட்டு இருந்திட்டாள். துவாரகனும் உடுப்புப் பையோடை வந்து விட்டிட்டுப் போனார். அடுத்த நாள் திரும்பக் கதையை எடுத்தாள், "அம்மா, அண்டைக்கு..." எண்டு. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனன். பிறகும் எடுத்தாள், விறகு பொறுக்கப் போனன். அவள் வாயைத் திறந்தா எனக்கு எங்கையாவது ஒரு வேலை வந்திடும். ஒருநாள் சோத்துக் கோப்பையோடை மறிச்சு நிண்டுகொண்டு சொன்னாள்:

"மூடவேண்டாம் அம்மா. இருக்கட்டும். ஆனா இனி வாற ஆக்களுக்கு அப்பா சத்தமில்லாமல் போனவர் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நீங்கள் அப்பிடிச் சொல்லுற ஒவ்வொரு முறையும் திரும்ப என்ர வாயைப் பொத்துற மாதிரிக் கிடக்கு. சொல்லுறதெண்டா நான் கேட்டதையும் சொல்லுங்கோ."

நான் சோத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள்ளை போயிட்டன். அவளுக்குப் பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை, நல்ல சுகப்பிரசவம். நாள் கணக்குப் பாத்துத் திரும்பிக் கிளிநொச்சிக்குப் போனாள், பிறகு இப்ப கொஞ்ச நாளாய்ப் பிள்ளையோடை வந்து நிக்கிறாள். இன்னும் பங்கருக்குள்ளை இறங்கினதில்லை. ஆனா கிணத்தடிக்கு நேர்ப்பாதையாலை போறாள், அதைக் கவனிச்சனான். அதுக்குப் பிறகும் எத்தினையோ பேர் வந்து பங்கரைப் பாத்தினம். வெளிநாட்டுச் சனம், பேப்பர்காரர், தென்பகுதியிலையிருந்து பஸ் பிடிச்சு வந்த ஆக்கள் எண்டு. ஒருத்தருக்கும் நான் அவள் சொன்னதைச் சொல்லேல்லை. விளக்கு நூந்த மாதிரி எண்டுதான் சொன்னன். தொடக்கத்திலை உங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னன், என்ன? வாய் பழகிப்போச்சு.

உங்களுக்கு ஏன் மிச்சத்தைச் சொன்னன் எண்டு கேக்காதேங்கோ. அவளின்ர வயசு உங்களுக்கு, அதாலையா இருக்கும். இல்லாட்டி நீங்கள் அந்தக் கேள்வியைக் கேக்காமல் இருந்ததாலையா இருக்கும். எழுதிறதெண்டா எழுதுங்கோ. ஆனா ஒண்டு. நான் பொய் சொன்னனான் எண்டு எழுதாதேங்கோ. எனக்குக் கேக்கேல்லை. சத்தியமா எனக்குக் கேக்கேல்லை. அவளுக்குக் கேட்டிருக்கு. ரண்டையும் எழுதுங்கோ.

இனி ஆர் வந்து மூடச் சொன்னாலும் மூடவிடமாட்டன். சங்கம் வரட்டும், மோட்டச்சைக்கிள் வரட்டும். முந்தி மனுசனுக்காக மூடாமல் வச்சிருந்தனான். இப்ப இது அவளின்ரதும்தான். அவள் இன்னும் சொல்லி முடிக்கேல்லையே, அதுக்கு முதல் எப்பிடி மூடுறது?

அந்தா, ஓட்டோச் சத்தம். கிளினிக்காலை வாறாள். குழந்தைக்கு ஊசி போடக் கொண்டுபோனவள், அழுது சிணுங்கிக்கொண்டு வரும். இருங்கோ, எழும்பாதேங்கோ. தேத்தண்ணி இன்னொரு கோப்பை ஊத்துறன். அவளிட்டையும் கேளுங்கோ. குழந்தையை இஞ்சாலை தந்திட்டுச் சொல்லட்டும், முதலிலையிருந்து சொல்லட்டும்.

நான் உந்தக் கதிரையிலைதான் இருக்கப் போறன். இண்டைக்கு எழும்பிப் போகமாட்டன்.